கண்ணோடு பிறக்கிற பெட்டி

போன மாதம் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். "நம்ம காலத்தில கம்ப்யூட்டரப் பத்தி ஆருக்கு என்ன தெரியும்? கிணத்துத் தவளையாட்டு கெடந்தோம்." கீழே வரிசையாகக் கை தட்டும் படங்கள். நீங்களும்தான் தட்டினீர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யார் யார் தட்டினீர்கள் என்று பெயர் பெயராகப் பார்த்தேன்.

தெரியாது என்று உங்களைப் பற்றி மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள். என்னைச் சேர்க்காதீர்கள். என் அக்காவை நிச்சயமாகச் சேர்க்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் எட்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. அக்கா என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். பிறவியிலேயே காது கேட்காது. திருவனந்தபுரத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு அந்த வருடம்தான் பாறசாலைக்கு வீட்டோடு வந்திருந்தாள். மலையாளம் நன்றாக வாசிப்பாள். தமிழைச் சபையின் ஞானப்பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தானே எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டாள். அவளுடைய பேச்செல்லாம் கையிலும் முகத்திலும்தான். ஊரில் எல்லோருக்கும் அவள் கையால் பெயர் வைத்திருந்தாள். அப்பாவுக்கு மீசை நுனியைத் திருகுவது. போதகருக்குக் கழுத்துப்பட்டையைத் தொடுவது. அம்மா சவூதியில் நர்ஸ். சீருடையில் நெஞ்சோரம் கடிகாரம் குத்தியிருப்பாள். அதனால் இடது நெஞ்சில் இரண்டு விரலால் தட்டினால் அம்மா. எனக்கு வைத்த பெயர் கீழுதட்டை இழுத்துவிடுவது. நான் மூஞ்சியைத் தூக்குகிறவளாம்.

ஞாயிறு ஆராதனையில் மடியில் கை அசைய உட்கார்ந்திருப்பாள். பெண்கள் பக்கத்து மூத்தவர்கள் "பாவம், எப்பிடி ஜெபிக்கியா பாரு" என்று உருகுவார்கள். அவளோ முன் பெஞ்சுக்காரியின் கொண்டையைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் சிரிப்பேன். கிள்ளு எனக்கு விழும்.

ஆராதனை முடிந்ததும் நேராக உதியன்குளங்கரை சந்திப்பு. அங்கே இருந்த டெலிபோன் பூத்துக்குத்தான் அம்மா சவூதியிலிருந்து கூப்பிடுவாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் உள்ளே உள்ளங்கை அகல விசிறி ஒன்று முனகத் தொடங்கும். ரிசீவரில் ஊரிலுள்ள எல்லாருடைய தலை எண்ணெயும் பவுடரும் மணக்கும். அப்பா, சவூதிக்குக் கம்பியில்லாமலே கேட்டுவிடும்படி சத்தம் போட்டுப் பேசுவார். பிறகு நான். கடைசியில் ரிசீவரை அக்காவின் காதில் வைப்பார். "அம்மை உனக்க சத்தம் ஒண்ணு கேக்கட்டு மக்கா" என்று வாயை அகலத் திறந்து சொல்லிக் காட்டுவார்.

அக்கா ஒரு சத்தம் எழுப்புவாள். அவளுக்குத் தெரிந்த அளவில் அது 'அம்மை'. வெளியே வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். அவர்கள் திரும்புவதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொல்வாள்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிறு அவள் ரிசீவரைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள். அப்பா போனில் சொன்னார்: "அவளுக்கு உன் மேல கோவமாக்கும். விட்டுட்டுப் போனியே, அதுதான்." வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதையே சொன்னார்கள். தாய்ப்பாசம் இல்லாமல் விடுதியில் வளர்ந்த பிள்ளை என்றார்கள். ஒருவர் கூட அவளிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"அந்தக் குழாயில் அம்மா இல்லை, பிளாஸ்டிக்தான் இருக்கிறது" என்றாள் கையால். "நீங்கள் அம்மாவோடு பேசுகிறீர்கள். நான் வெளியே நிற்கிறவர்களைச் சிரிக்க வைக்கிறேன். எனக்கு முகம் வேண்டும்."

பாறசாலையில் இரும்புக் கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். அப்பா எங்கள் இருவரையும் சேர்க்கத்தான் கூட்டிப் போனார். அந்தச் சூட்டிலும் டை கட்டியிருந்த சார், அக்காவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"சேட்டா, எளையவளச் சேத்துக்கிடலாம். மூத்தவளுக்கு நான் எடுக்கிய லெக்சர் எப்படிக் கேக்கும்? மத்த பிள்ளைகளுக்க படிப்பும் கெடும்."

"செரி சாரே" என்றார் அப்பா. அவ்வளவுதான். அந்த 'செரி சாரே' இன்றைக்கும் என் காதில் கரகரக்கிறது.

ஆனால் என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. அதனால் அக்கா துணைக்கு வந்தாள். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, குளிரில், புதுப் பிளாஸ்டிக் வாசனையில். அவள் வெளியே, நாங்கள் கழற்றிப் போட்ட செருப்புகளின் நடுவில், நாற்காலியில். கண்ணாடி வழியாகச் சாரின் வாயையும் திரைகளையும் பார்த்தபடி இருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் ஷீட் காயும் கொட்டகையில் நான் அன்றைய பாடத்தைக் கையால் சொல்ல வேண்டும். பிராசசருக்கு நெற்றியில் விரல் முட்டியால் தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். அதுதான் மூளை என்று சார் சொல்லியிருந்தார். முதலில் வந்தது 286 என்கிற இரண்டு எண்பத்தாறு, பிறகு மூன்று எண்பத்தாறு, இப்போது நான்கு எண்பத்தாறு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பல மடங்கு வேகம் என்றும் சொல்லியிருந்தார். கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் மேற்கொண்டு எழுதினோம். ஐந்து எண்பத்தாறு, ஆறு எண்பத்தாறு, நாங்கள் கல்யாணம் கட்டும்போது பன்னிரண்டு எண்பத்தாறு, தலை நரைக்கும்போது நூறு எண்பத்தாறு. மூளை பெரிதானால் மண்டையும் பெரிதாக வேண்டும், எனவே அந்தக் கம்ப்யூட்டர் அலமாரி அளவு இருக்கும், சூட்டைத் தணிக்கக் கிணற்றடியில்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று முடிவு கட்டினோம். அப்போது மழைக்காலத்தில் கரண்ட் போகாது என்றும் நம்பினோம்.

எத்தனையோ தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்தோம். கரி பிடித்த விரலோடு, ரப்பர் நாற்றத்தில் உட்கார்ந்து, எங்கள் சொந்தப் புத்தியால் யோசித்தோம்.

ஒரு நாள் அக்கா கேட்டாள். "மூளை இருக்கிறது. முகம் மாதிரி திரை இருக்கிறது. கண் எங்கே?"

"கண் இல்லை. நாம் தட்டுவதுதான் அதுக்குத் தெரியும்."

அவள் கையால் வேகமாகச் சொன்னாள். "அது குருடு. நான் செவிடு. அதுக்கு ஏசி அறை. எனக்குச் செருப்பு போடுகிற இடம்."

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன். "சார், கம்ப்யூட்டருக்கு ஏன் கண் வைக்கல்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை; அவர் நல்லவர்தான், ஒன்றைக் காட்டுகிறேன் வா என்றார். ஒரு கிளியின் படத்தைத் திறந்தார். திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு கீற்று வந்தது. அதன் கீழ் இன்னொரு கீற்று. கொண்டை, கண், அலகு என்று இறங்கி இறங்கிக் கால் வந்து சேர்வதற்குள் முன்வரிசை கொட்டாவி விட்டது.

"கண்டியா? அசையாத ஒரு கிளி வாறதுக்கே ஒரு சாயா குடிக்க நேரம் ஆவுது. ஆள் அசையணும்னா ஒரு செக்கண்டில இருபத்து நாலு படம் வேணும். ஏது பிராசசர் கொண்டு இது நடக்கும்? பின்னே டெலிபோன் கம்பி வழி சவூதிக்குப் போணும். பிராந்தா, கிறுக்கா பிள்ளே உனக்கு?"

"அடுத்தது வேகமா இருக்கும்ணு சார்தானே சொன்னிய?"

சார் யோசித்தார். "வேணும்னா, பெரிய கம்பெனிக்காரன் எவனாவது ஒரு காமிராவத் தனியாட்டு வாங்கி மேல வைப்பான். கம்ப்யூட்டருக்குள்ளேயே கண்ணு? அது ஒருக்காலும் வராது. ஆருக்கு வேணும் அது?"

வெளியே செருப்புகளின் நடுவில் அக்கா எழுந்து நின்று, கண்ணாடியில் மூக்கு படும்படி அந்தக் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார் சொன்னதை வீட்டில் சொன்னேன். எனக்கு அது ஓரளவு நியாயமாகவே பட்டது. தனியாக ஒரு காமிரா வைத்தால் போதாதா? அக்காவுக்கு வந்த கோபம்! "தனியாக என்றால் தனியாக விற்பார்கள். பணக்காரன் வாங்குவான். நம் வீட்டுக்கு வருகிற கம்ப்யூட்டர் குருடாகத்தான் வரும். கண்ணைப் பையில் போட்டுக்கொண்டா நடக்கிறாய்? அது கண்ணோடு பிறக்க வேண்டும்."

செருப்புகளின் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தொண்ணூறுகளில் சொன்னது இது. இன்றைக்கு நம் எல்லார் வீட்டிலும் கண்ணோடு பிறந்ததுதான் இருக்கிறது. தவளையாம்!

விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கும்போது, சென்டரும் எங்கள் சபை வாலிபர் சங்கமும் சேர்ந்து சபை ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'வருங்காலக் கம்ப்யூட்டர்' என்பது தலைப்பு. யார் வேண்டுமானாலும் மாதிரி செய்து வைக்கலாம். நானும் அக்காவும் டிவி வந்த அட்டைப்பெட்டியை எடுத்தோம். முன்பக்கம் திரைக்குச் சதுரமாக வெட்டினோம். அம்மா சவூதியிலிருந்து கொண்டுவந்த பொம்மைக் காமிரா ஒன்று என்னிடம் இருந்தது. கண்ணில் வைத்து அமுக்கினால் ஒட்டகமும் ஈச்சமரமும் மாறி மாறி வரும். அக்கா என்னைக் கேட்காமலே அதை உடைத்து வில்லையை எடுத்தாள். நான் அழுதேன். அவள் பொருட்படுத்தவில்லை. திரைக்கு மேலே, பெட்டியின் சட்டத்துக்குள்ளேயே துளை போட்டு வில்லையைப் பதித்து, சுற்றிலும் கறுப்பு மை பூசினாள். பார்த்தால் மேல் ஒட்டியது போலில்லை, முளைத்தது போலிருந்தது.

கண்காட்சியன்று அக்கா பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வெட்டிய சதுரத்தில் முகமும் கையும் தெரிய, சவூதியில் இருக்கும் அம்மாவானாள். தலையில் காகிதத்தில் நர்ஸ் தொப்பி. நான் முன்னால் உட்கார்ந்து வீட்டிலிருக்கும் மகள். நாங்கள் கையால் பேசிக்கொண்டோம். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். ஏன் மெலிந்துவிட்டாய்? சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது.

சார், போதகரோடு மதிப்பிட வந்தார். பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"நான் அத்தனை விளக்கிச் சொல்லியும் நீ இத வச்சிருக்கியே. இது சயன்ஸ் இல்ல, தெருக்கூத்து." குரலைத் தாழ்த்திப் போதகரிடம் சொன்னார்: "நாளைக்கு இது வந்தா என்ன ஆவும் போதகரே? வீட்டுக்குள்ள இருக்கிய பெண்ணுங்கள நாட்டாரு காணதுக்கா? குமரிப் பிள்ளை ஒருத்தி பெட்டிக்குள்ள இருந்து ஆம்பிளையளுக்கு முன்ன கை காட்டிட்டு இருக்கா. சபைக்கு அடுக்குமா இது?"

போதகர் சாந்தமானவர். குனிந்து என்னிடம், "மக்கா, அந்தக் கண்ண மட்டும் எடுத்துட்டா சமாச்சாரம் தீந்துது. பெட்டி இருக்கட்டும்" என்றார்.

கூட்டத்திலிருந்து அப்பா வந்தார். அவர் முகத்தில் அவமானம். வில்லையைப் பிடுங்கக் கை நீட்டினார். சதுரத்துக்குள்ளிருந்து அக்காவின் கை வெளியே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

அவள் எழுந்து வெளியே வந்தாள். தொப்பி சரிந்து தொங்கியது. என்னைப் பார்த்து, "நான் சொல்வதை அப்படியே சொல்லு. ஒன்றையும் விடாதே" என்றாள். பிறகு ஹால் முழுவதற்கும் தெரிகிற மாதிரி கையை உயர்த்தினாள். நான் அப்படியே சொன்னேன்.

"இண்ணைக்கு முடியாதுண்ணு சார் சொல்லியது செரி. என்னைக்கும் முடியாதுண்ணு சொல்ல சார் ஆரு? மூளைக்கு வேகம் கூடும். கூடினா ஒரு கை அசையதையும் அது கொண்டுபோவும். காது உள்ளவியளுக்குப் போன் உண்டு. எங்களுக்கு என்ன உண்டு? கண்ண எடுத்தா இது எனக்க பெட்டி இல்ல. எடுக்க மாட்டேன்."

அக்காவின் கை நிற்கவில்லை. அடுத்ததையும் சொன்னேன்.

"சார் பயப்படண்டாம். சாருக்க மொகத்தக் காண ஆரும் கம்ப்யூட்டர் வாங்க மாட்டாவ."

ஹால் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. போதகர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எங்கள் பெட்டிக்குப் பரிசுப் போட்டியில் இடமில்லை என்றார் சார்.

நியாயம் பேச வேண்டும். அன்றைய டெலிபோன் கம்பியைப் பற்றிச் சார் சொன்னது முழுக்கச் சரி. அது தாங்கியிருக்காது. நாட்டார் பார்ப்பார்கள் என்று பயந்ததிலும் உண்மை இருக்கிறது. என் லேப்டாப்பின் கண் மேல் நான் இன்றைக்கும் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். ஆனால் அதை ஒட்டுவது என் விரல். உரிப்பதும் என் விரல். அந்த உரிமையைத்தான் அன்றைக்கு அவர் எங்களுக்குத் தரமாட்டேன் என்றார்.

நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் சபை வாசலில், பலாமர நிழலில் வைத்தோம்; அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் அதன் பின்னால் உட்கார்ந்தாள். உள்ளே இருந்த கூட்டத்தில் பாதி பின்னாலேயே வந்தது. திருப்புறத்துப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, நெடுநேரம் ஒதுங்கி நின்று பார்த்தாள். அவள் புருஷன் மஸ்கட்டிலாம். குழந்தை பிறக்கும் முன்பே போனவன். கூட்டம் குறைந்ததும் அருகே வந்தாள்.

"இதில பிள்ளையக் காட்டினா அவியளுக்குக் கண்ணுல காணுமா?" என்று என்னிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்டாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை.

"இப்பம் காணாது அக்கா" என்றேன். "ஆனா ஒரு நாள் காணும்."

அவள் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி அந்த வில்லைக்கு நேராகப் பிடித்தாள். பெட்டிக்குள் அக்கா சட்டென்று நர்ஸ் தொப்பியைக் கழற்றினாள். புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து, ஒரு தகப்பன் முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு கைகளை நீட்டினாள். குழந்தை பொக்கைவாயால் சிரித்தது. அந்தப் பெண் கை வலிக்கும் வரை அப்படியே பிடித்திருந்தாள்.

அப்பா வாசல் கேட்டின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு, பூத்தில் அவர் அக்காவின் காதில் ரிசீவரை வைக்கவில்லை. அவளைக் கண்ணாடி அறைக்குள் தன் முன்னால் நிறுத்திக்கொண்டார். "மூத்தவ இங்கதான் நிக்கியா. நீலப் பாவாடை உடுத்திருக்கா. தலை ஒழுங்காச் சீவல்ல. இப்பம் என்னப் பாத்து மொறைக்கியா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அங்கே என்னவோ சொன்னாள். அப்பா மீசைக்குக் கீழே உதடு பிதுங்க, அதை மெதுவாக வாயசைத்து அக்காவுக்குக் காட்டினார். ரொம்ப மோசமாகத்தான் காட்டினார். அக்கா சிரித்துவிட்டாள். "இப்பம் சிரிக்கியா" என்று அதையும் அம்மாவிடம் சொன்னார்.

அந்தக் கண் எங்களுக்கு வேண்டிய காலத்தில் வரவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அப்படி ஒரு கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அம்மா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள். அவளும் அக்காவும் நேருக்கு நேராகவே மிச்ச காலம் சண்டை போட்டார்கள். அட்டைப்பெட்டி அந்த ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஊறிப்போயிற்று. வில்லை எங்கே போனதென்று தெரியாது. அக்கா நெய்யாற்றின்கரையில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலைக்குப் போய், பிறகு சொந்தமாகவே நடத்தினாள். இப்போது தினமும் காலையில் அவள் பள்ளித் தோழிகள் திரையில் கட்டம் கட்டமாக வந்துவிடுகிறார்கள். அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பேசும். பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாவிட்டால் நான் இதை எழுதியதில் அர்த்தமில்லை.

கண்காட்சி முடிந்த பிறகு வந்த முதல் வகுப்பு. மாடியேறினோம். அக்கா செருப்பைக் கழற்றி எங்கள் செருப்புகளோடு வரிசையாக வைத்தாள். நாற்காலியைப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனாள். முன்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள்.

"ஏய், எழும்பு! எழும்பு பிள்ளே!" சார் கத்தினார். அக்காவுக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். கீழே இரும்புக் கடைக்காரர் கூட எட்டிப் பார்த்திருப்பார். அக்கா விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கிக்கொண்டிருந்தாள். வளர்ந்த பெண்ணைத் தொட்டு எழுப்பவும் அவரால் முடியாது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு எழுந்து பின்னால் வந்து நின்றார்கள்.

சார் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு அவளட்ட."

"நான் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். "சாரே சொல்லுங்க."

அவர் போய்ச் சுவிட்சை அணைத்தார். திரை கறுத்தது. அக்கா திரும்பவில்லை. அந்தப் பழைய திரைகளின் கண்ணாடி புடைத்து, வழவழப்பாக இருக்கும். அணைந்தால் அறை முழுவதும் அதில் தெரியும். அவளுக்குப் பின்னால் நிற்கும் சார் தெரிந்தார், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம். அக்கா கண்ணாடியிலேயே அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. அவள் எதைப் பார்க்கிறாள் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவரும் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். டையை ஒருமுறை தளர்த்திக்கொண்டார். வாயை மெதுவாக, அகலமாகத் திறந்து, சத்தமே இல்லாமல் கேட்டார்.

"என்ன வேணும்?"

அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே கையைத் தூக்கிச் சுவிட்சைக் காட்டினாள்.

சார் போய் அதைப் போட்டார்.